கொக்கு என் பங்கு

பிப்ரவரி 6

அன்புள்ள பம்பரத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சலோ இருமலோ இல்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும். போர்க்கப்பலில் வேலை பார்க்கிற பையன் சளி பிடித்து மூக்கை உறிஞ்சுகிறான் என்று கேள்விப்பட்டால் கடல் தாண்டி வந்து உதைப்பேன்.

உன் அத்தான் போன வாரம் கப்பல் ஏறிவிட்டார். இந்தத் தடவை சரக்கு சிமெண்டு. "என்ஜின் பிட்டருக்கு சிமெண்டா இருந்தா என்ன, சர்க்கரையா இருந்தா என்ன, கீழ இருக்குற சூடு ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டினார். நீங்கள் காவல் காக்கிற அந்தக் கடல் வழியாகத்தான் போகிறார்களாம். "உன் தம்பி கப்பல் நம்பரைச் சொல்லு, பாத்தா கையாட்டுறேன்" என்று கேட்டுப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நீ அவரைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். கப்பலில் எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு நிற உடுப்பு. அவருடையதை இஸ்திரி போடும்போது போன் அடித்ததென்று திரும்பினேன், முதுகு தீய்ந்துவிட்டது. அதன்மேல் பச்சைத் துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மனிதர் முகம் சுளித்தார், ஆனால் போட்டுக்கொண்டார். முதுகில் பச்சை தெரிந்தால் அது என் புருஷன் என்று வைத்துக்கொள்.

பல்செட் லேபில் மூச்சுவிட நேரமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே மாதத்தில் பல் கொட்டிவிட்டது போலிருக்கிறது. வாண்டுக்கும் முன்பல் இரண்டும் போய்விட்டன. "எனக்கும் ஒரு செட் செஞ்சு குடும்மா, ஸ்கூல்ல சிரிக்கிறாங்க" என்கிறாள். மாமாவுக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இல்லை, மூக்கு உறிஞ்சவில்லை. உன் கடிதம் காய்கறிக் கப்பலில் வந்து சேர்ந்தது. உறை முழுக்க வெங்காய வாசனை. பக்கத்துப் படுக்கைக்காரன் மோந்து பார்த்து, "உங்க வீட்டுல நல்லா சமைக்கிறாங்கடா" என்றான்.

இங்கே வேலை என்னவென்று முன்பு ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாய். சரக்குக் கப்பல்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடும். டீச்சர் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிற மாதிரி நாங்கள் முன்னும் பின்னுமாக நின்று வரிசையாக அழைத்துப்போவோம். சில கேப்டன்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது. தனியாக முந்திக்கொண்டு போவார்கள். கொள்ளைக்காரர்கள் அவர்களுக்காகத்தான் படகில் காத்திருக்கிறார்கள்.

பம்பரம் என்று வீட்டில் பெயர் வாங்கியவன் இப்போது மணிக்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடக்கிறேன் என்றால் நம்புவாயா? என் வேலை பார்ப்பது. அதற்கென்று நல்ல கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். எதிர்க் கப்பலில் நிற்பவனின் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். வேறு எதுவும் எழுதக் கூடாது. கடிதங்களை அதிகாரி படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். சார், வணக்கம்.

அத்தானின் கப்பல் இன்னும் வரவில்லை. வந்தால் பச்சை ஒட்டைத் தேடுகிறேன். வாண்டுக்கு என் அன்பு. பல் முளைக்கும்வரை வாயை மூடிச் சிரிக்கச் சொல்.

உன் தம்பி


மார்ச் 11

தம்பி,

நீயாவது நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கம்பெனி ஆபீசிலிருந்து ஒருவர் லேபுக்கே வந்தார். நான் ஒரு தாடை அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "உக்காருங்க மேடம்" என்றார். உட்காரச் சொன்ன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கப்பலைப் பிடித்துவிட்டார்களாம். கேப்டன் உங்கள் வரிசைக்குக் காத்திருக்காமல் போயிருக்கிறான். பணம் பேசிக்கொண்டிருக்கிறோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது, பத்திரிகைக்காரர்களிடம் பேசாதீர்கள் என்றார். அவர் போனபிறகு கையைப் பார்த்தேன். அந்த அச்சில் இருந்த பல் வரிசை முழுவதையும் தேய்த்து மழித்திருந்தேன்.

வாண்டிடம் அப்பாவின் கப்பல் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். "அப்பாதானே ரிப்பேர் பண்றவரு, அவரே பண்ணிடுவாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் இல்லை.

நீ அந்தக் கடலில்தானே இருக்கிறாய். உனக்கு ஏதாவது தெரியுமா? எழுத முடிந்ததை எழுது. அதிகாரி ஐயா, இதைப் படிப்பீர்கள் என்றால், என் தம்பியை எழுத விடுங்கள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தைரியமாக இரு. முதலில் நல்ல செய்தி. அத்தானைப் பார்த்தேன்.

அவர்களுடைய கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. நாங்கள் கூப்பிட்டால் கேட்காத, கண்ணாடியில் பார்த்தால் நன்றாகத் தெரிகிற தூரத்தில் நிற்கிறோம். தினமும் காலையில் மாலுமிகளை மேலே கொண்டுவந்து வரிசையாக எங்களுக்குக் காட்டுகிறார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், கிட்டே வராதீர்கள் என்று அர்த்தம். நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். தலை குறையவில்லை. மூன்றாவதாக நிற்பவரின் முதுகில் பச்சை ஒட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், உன் தையல்தான். ஒரு மூலை கோணல்.

முகம் சரியாகத் தெரியவில்லை. தொப்பியை இழுத்துவிட்டு முதுகைக் காட்டியே நிற்க வைக்கிறார்கள். ஆனால் ஆள் நன்றாக இருக்கிறார். நேற்று வரிசை கலைந்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டீ குடித்தார். பக்கத்து ஆளோடு ஏதோ சொல்லிச் சிரித்தார்கூட.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட மாலுமிகள் பயமே இல்லாமல் கையை வீசிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றித் துப்பாக்கியோடு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள்தான் விறைத்துப்போய் நிற்கிறார்கள். பழகிவிட்டார்கள் போல என்கிறான் பக்கத்துப் படுக்கைக்காரன். இருக்கலாம்.

வாண்டிடம் சொல், மாமா அப்பாவைத் தினமும் பார்க்கிறேன் என்று.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். வாண்டிடம் நீ சொன்னதைச் சொன்னேன், வீடு முழுக்கக் குதித்தாள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அத்தான் உட்கார்ந்து டீ குடித்தார் என்று எழுதியிருந்தாய். எப்படி உட்கார்ந்தார்? இரண்டு காலையும் மடக்கியா? கைப்பிடி எதையாவது பிடித்துக்கொண்டாரா? எழுந்திருக்கும்போது எப்படி எழுந்தார்? நன்றாகக் கவனித்து எழுது. வேறொன்றும் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

லேபில் தாடை அச்சுகளை அடுக்கிய அலமாரிப் பக்கம் உட்கார எனக்கு இப்போது பிடிக்கவில்லை. அத்தனை தாடைகளும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. இடத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? உன் எழுத்து முன்பைவிடச் சின்னதாகிவிட்டது.

நீ கேட்டாயே என்று இரண்டு மூன்று நாள் கவனித்தேன். இரண்டு காலையும் மடக்கித்தான் உட்காருகிறார், ஆற்றங்கரையில் உட்காருகிற மாதிரி. எதையும் பிடித்துக்கொள்வதில்லை. எழும்போது ஒரே துள்ளு. இந்த வயதில் இப்படி ஓர் உடம்பு என்று எனக்கே பொறாமைதான். போதுமா?

இப்போது எங்களுக்குப் பார்க்கிற வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு துப்பாக்கிக்காரன். அவனைத் தவிர வேறு யாரையும் பார்க்கக் கூடாது. எனக்குக் கிடைத்தவன் மேல் தளத்தில் தனியாக நிற்பவன். நாங்கள் அவனுக்கு 'கொக்கு' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு காலை நீட்டிக் கம்பியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு மறு காலில்தான் நிற்பான். அந்தக் காலைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. ஆக, கொக்கு என் பங்கு.

அக்கா, இந்தக் கடிதத்தை லீவில் போகிற ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன், அதிகாரி படிக்க மாட்டார்; அதனால் கொக்கைப் பற்றி உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மற்ற துப்பாக்கிக்காரர்கள் தரையைப் பார்ப்பார்கள். இவன் எங்கள் கப்பலைத்தான் பார்ப்பான். காலையிலிருந்து இறங்கிப் போகும்வரை தலையைத் திருப்புவதே இல்லை. துப்பாக்கியை அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவன் மாதிரி பிடித்திருப்பான். அவ்வளவு தூரத்திலிருந்து வெறுங்கண்ணால் என்னைப் பார்க்க முடியாது. ஆனாலும் கண்ணாடியில் அவன் கண் என் கண்ணுக்கு நேராக வந்து நிற்கிறது. சில காலைகளில் முகத்தை மூடிய துணி வாய் இருக்கும் இடத்தில் உள்ளே போய் வெளியே வருகிறது. யாரையோ கூப்பிடுகிற மாதிரி. நண்பர்களிடம் சொன்னால் கேலி செய்வார்கள்.

சீக்கிரம் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். இதற்குமேல் எழுதக் கூடாது.

தம்பி


ஏப்ரல் 27

பம்பரம்,

நலம் விசாரிக்க எனக்கு நேரம் இல்லை. இதை முழுவதும் படி. முடிக்கும்வரை எதையும் செய்யாதே.

உன் அத்தானால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்ஜின் அறையில் விழுந்து வலது முழங்கால் போய்விட்டது. மடங்காது. கம்பெனிக்குத் தெரிந்தால் கடலுக்கு எடுக்க மாட்டார்கள் என்று டாக்டரைச் சரிக்கட்டிச் சான்றிதழ் வாங்கினார். உன்னிடம்கூட லேசான சுளுக்கு என்றுதான் சொன்னோம். நின்றுகொண்டே இருந்தால் வலி தாங்காது. ஸ்டூலோ ஜன்னலோ எது இருக்கிறதோ அதன்மேல் அந்தக் காலை நீட்டித் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பார்.

நீ முதலில் எழுதியதைப் படித்தபோது, அவரைக் கொன்றுவிட்டு அவர் உடுப்பை வேறு யாரோ போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அதை எழுதக் கை வரவில்லை. நீ தினமும் பார்த்து நிம்மதியாக இருக்கிறாயே, அந்த நிம்மதியாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் கொக்கைப் படித்தபிறகுதான் புரிந்தது. உடுப்பை மாற்றிவிட்டிருக்கிறார்கள், தம்பி. ஆரஞ்சு உடுப்பில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் கொள்ளைக்காரர்கள். துப்பாக்கியோடு விறைத்து நிற்பவர்கள் நம்மவர்கள். உன் கப்பல் நம்பர் அவருக்குத் தெரியும். அவர் உன்னைத்தான் பார்க்கிறார்.

இன்று காலை கடற்படை ஆபீசுக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் உள்ளே விடவில்லை. அங்கேயே நின்று கத்தினேன். கடைசியில் ஓர் அதிகாரி வந்தார். கால் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "மேடம், முழங்காலை வெச்சு நாங்க என்ன பண்றது?" என்றார். சான்றிதழ் பொய் என்பதையும் சொன்னேன், உன் கடிதத்தையும் காட்டினேன். காலைத் தூக்கி வைத்து நிற்பவனைப் பற்றிய இடத்துக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். திரும்பி வரவே இல்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் தபாலிலும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். பார்க்கிறவன் ஏன்டா படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும்?

அக்கா


மே 9

தம்பி,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. கம்பெனி ஆபீசில் போனை எடுக்கவில்லை. கடற்படை ஆபீசில், "எதுவும் சொல்ல அனுமதியில்ல மேடம்" என்று அதே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

நான் லேபுக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். பேப்பரில் எதுவும் இல்லை. எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். ஒருவரால் இன்னொருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் யாருக்காக அழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

வெறும் உறையையாவது அனுப்பு. உன் கையெழுத்தில் விலாசத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் உயிரோடு இருக்கிறார். இதை நீ முன்பே கேள்விப்பட்டிருப்பாய். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் என்று இருந்தது. இதுவும் லீவில் போகிறவன் கையில்தான் வருகிறது, அதிகாரி படிக்கவில்லை.

ஆறு நாள் முன்னால் நம் ஆட்கள் படகில் போய் ஏறினார்கள். மாலுமிகளில் ஒருவருக்குக்கூடக் காயமில்லை. அத்தான் இப்போது எங்கள் கப்பலின் மருத்துவ அறையில் இருக்கிறார். நான் உள்ளே போனபோது என் கையைப் பிடித்தார். பேசவில்லை. தொண்டை புண்ணாக இருக்கிறது, வற்புறுத்தாதே என்றார் டாக்டர்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம் அக்கா, பார்க்கிறவன் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடி துப்பாக்கியின்மேல் இருப்பது.

நீ எக்ஸ்ரேயைப் பிடித்துக்கொண்டு ஆபீசில் நின்ற அதே காலையில் எங்களுக்கு உத்தரவு வந்திருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சுட வேண்டும், அதுதான் முறை. நான் தயாராக இருந்தேன். கடல் அசையாமல் கிடந்தது, காற்று துளியும் இல்லை. கொக்கு வழக்கம்போல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். விரலை வைத்துவிட்டேன். அப்போது அந்தத் துணி அசைந்தது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. யாரோ என்னைப் 'பம்பரம்' என்று கூப்பிட்டார்கள்.

இந்தக் கப்பலில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்தவனிடம், "கூப்டியா?" என்றேன். முறைத்தான். நான் விரலை எடுத்துவிட்டு, "சார், காத்து சரியில்ல, என்னால உறுதியா சொல்ல முடியாது" என்றேன். ஒருவன் தயாரில்லை என்றால் யாரும் சுடக் கூடாது. அதிகாரி அண்ணாந்து கொடியைப் பார்த்தார். அது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. என்னைப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எல்லோரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

உன் செய்தி மதியம்தான் வந்தது.

அதன்பிறகு பங்கை மாற்றிக் கொடுத்தார்கள். பச்சை ஒட்டுக்காரன் என் பங்குக்கு வந்தான். அதைப் பற்றி நீ எப்போதும் கேட்கக் கூடாது. நானும் சொல்லப் போவதில்லை.

தம்பி


ஜூன் 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி இறங்குகிறது. வாண்டு அவர் மடியை விட்டு இறங்குவதில்லை, புதுப் பல் முளைத்திருக்கிறது என்று வாயைத் திறந்து திறந்து காட்டுகிறாள். நான் லேபில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன். இனிமேல் கடலுக்கு எடுக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. எனக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

உனக்கு லீவு வரவில்லையா, நீ கேட்கவில்லையா? நம் மூன்றாம் வீட்டுப் பையன் உன் கப்பலில் பாதிப் பேர் வந்துவிட்டதாகச் சொல்கிறான். அத்தான் முகத்தைப் பார்க்க உனக்குச் சங்கடம் என்றால், அந்தச் சங்கடத்தைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு வா. உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. நீ விரலை எடுத்தாய். அது போதும், எனக்கு ஆயுசுக்கும் போதும்.

நேற்று சாயங்காலம் உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். துணி அசைந்தது என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும், "நிறுத்து, திரும்பப் படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் பேப்பர் கேட்டார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. ஒட்டி என் கையில் கொடுத்து, இதோடு வைத்து அனுப்பச் சொன்னார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா


ஜூன் 7

மச்சானுக்கு,

உடம்பு தேறி வருகிறது. கால் பழையபடிதான். நீ சுகமாக இருக்க வேண்டும். இதை உன் அக்கா படிக்க வேண்டாம் என்று ஒட்டிக் கொடுக்கிறேன். அவள் ஏற்கெனவே சரியாகத் தூங்குவதில்லை.

தினமும் என்னை மேலே ஏற்றும் முன்னால் வெற்றுத் துப்பாக்கியை என் கையோடு சேர்த்து டேப் சுற்றுவார்கள். பிறகு என்ஜின் துடைக்கிற கந்தலை எடுத்து வாயில் தொண்டைவரை திணிப்பார்கள். தாடையைத் தூக்கி, வாயோடு சேர்த்துத் தலையைச் சுற்றி அதே டேப். சத்தம் கொடுத்துவிடக் கூடாது என்று. அதற்கும் மேல்தான் நீ பார்த்த துணி. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. தொண்டைப் புண் அதனால்தான் வந்தது. கழற்றும்வரை பல்லைக் கடிக்கக்கூட முடியாது, மச்சான்.

உன் கப்பலை முதல் நாளே அடையாளம் தெரிந்துகொண்டேன். அங்கே யாராவது ஒருவன் என்னைக் குறி பார்த்துக்கொண்டிருப்பான் என்றும் தெரியும். அது நீயாக இருப்பாய் என்று நினைக்கவில்லை. நீ அங்கே சமையலறையிலோ எங்கேயோ இருப்பாய், ஒரு தடவை மேலே வந்து என் காலைப் பார்த்தால் போதும் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு காலையும் உன்னைக் கூப்பிட்டேன். வீட்டுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அது நிஜம். மனதுக்குள் கூப்பிட்டேன்.

அந்தத் துணி அசைந்திருக்க வழியில்லை. நீ எதைப் பார்த்தாய், எதைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ பயப்படாதே. நானும் பயப்படாமல் இருக்கப் பார்க்கிறேன்.

லீவு போட்டுவிட்டு வா. என் பக்கத்தில் வந்து உட்கார். நாம் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அத்தான்